வெற்று நிலத்தில் ஒரு பூ

கலிஃபோர்னியாவில் குளிர்கால மழையில் நிறைந்து கோடையில் வற்றிப்போகும் சிறு பள்ளங்களில் வாழ்கிறது, கான்ட்ரா கோஸ்டா கோல்டுஃபீல்ட்ஸ் என்னும் மஞ்சள் பூச்செடி. சூரியகாந்திக் குடும்பம், ஓராண்டே ஆயுள். வசந்தத்தில் பூத்து, விதை உதிர்த்து மடிந்துவிடும். உழவும் கட்டடங்களும் அந்தப் பள்ளங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிட, 1997-இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. செடியே தென்படாத வெற்று நிலத்தை எதற்குக் காக்க வேண்டும் என்று கேட்கலாம். சில ஆண்டுகள் காணாமற்போன இடங்களிலேயே இது மறுபடி பூத்திருக்கிறது. விதை மண்ணுக்குள் காத்திருந்ததற்கு அதுவே சான்று. எனவே ஒரு பருவக் கணக்கெடுப்பை நம்பி நிலத்தைக் கைவிடுவது பெரும்பிழை. விதையை வேறிடத்தில் தூவலாமே என்றால், தன் மகரந்தத்தால் தானே கருவுற இயலாத இச்செடிக்கு அங்கே பூச்சிகளும் வேண்டும், பருவத்தே வந்து பருவத்தே வற்றும் நீரும் வேண்டும்.