டிசம்பர் 25: மகாத்தும் வெண்மணியும்

 

நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்த அரங்கம் நம்மிடம் கேட்டது அதுவல்ல. மறைந்தவர் எதற்காகக் கவலைப்பட்டாரோ அதைப் பேசச் சொன்னார்கள். ஆகவே ஒரு தேதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் டிசம்பர் 25ஆம் தாளைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை என்று சிவப்பு மையில் இருக்கும். ராகுகாலம், எமகண்டம், சூலம் எந்தத் திசை, பரிகாரம் வெல்லமா தயிரா என்பதுவரை அச்சிட்டிருப்பார்கள். வாஜ்பாயி பிறந்த நாள் என்பதால் 2014 முதல் ஒன்றிய அரசு அந்த நாளை நல்லாட்சி நாளாகவும் ஆக்கிவிட்டது. 1927இல் அதே தேதியில் மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968இல் அதே தேதியில் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இரண்டும் அந்தத் தாளில் இல்லை.

ஒரே தேதி என்பதால் இதில் விதியும் ஜாதகமும் தேட வேண்டியதில்லை. தேதிகளுக்குக் காரணங்கள் உண்டு. மகாத் மாநாடு டிசம்பர் கடைசி வாரத்தில் கூடியதில் வியப்பில்லை. வெள்ளையர் ஆட்சியில் கிறிஸ்துமஸுக்கு நீதிமன்றமும் அலுவலகமும் மூடியிருக்கும். இந்தியாவில் மாநாடுகள் கூடும் வாரமே அதுதான். அதே 1927 டிசம்பரில், அதே வாரத்தில், காங்கிரஸ் மாநாடு நம் சென்னையில் கூடி முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்டது. மகாத்தில் கூடியவர்கள் கேட்டது ஒரு குளத்தில் தண்ணீர் மொள்ளும் உரிமையை. வெண்மணியின் தேதியைக் கொண்டுவந்ததோ வேறொரு நாட்காட்டி. அது நெல்லின் நாட்காட்டி. மார்கழிக் கதிர், அறுவடைக் கூலி, அந்தக் கூலியில் ஒரு அரைப்படி. விடுமுறையின் கணக்கும் வயலின் கணக்கும் ஒரே தாளில் வந்து விழுந்தன, அவ்வளவுதான். ஆனால் விழுந்தபின் அவற்றைச் சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியாது.

முதலில் மகாத். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு மகாத் நகராட்சியும் சௌதார் குளத்தை எல்லோருக்கும் திறந்தது, காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்னே செல்ல மக்கள் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களை அடித்தார்கள். பிறகு குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். 108 குடம் தண்ணீரை மொண்டெடுத்து, அதில் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்து திரும்பக் குளத்திலேயே ஊற்றினார்கள். மனிதர் கை பட்ட தண்ணீர் தீட்டு. சாணம் பட்ட தண்ணீர் சுத்தம். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் இரண்டாம் முறை கூடினார்கள். மாநாட்டுக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை. ஒரு முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்க் குளத்தில் இறங்கத் தடை வாங்கிவிட்டது. 25ஆம் தேதி இரவு, பந்தலுக்கு முன் குழி வெட்டி, சந்தனக் கட்டை அடுக்கி, மனுஸ்மிருதியை எரித்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். வழிமொழிந்த ராஜ்போஜ் தீண்டப்படாதோர் தலைவர். பிராமணர்களுக்கு எதிரான வெறுப்பு என்று இன்றும் அதைத் திரிப்பவர்களுக்காக இந்தச் செய்தியைச் சொல்லி வைக்கிறோம்.

நமக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது. குளத்தில் இறங்க ஆயிரக்கணக்கானோர் துடித்துக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத் தடை இருக்கிறது, வழக்கை நடத்துவோம் என்று அம்பேத்கர் சொன்னார். கூட்டம் அதை ஏற்றது. ஊர்வலமாகப் போய்த் தண்ணீரைத் தொடாமல் திரும்பினார்கள். நூலை எரித்த கைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டன. வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாய் தண்ணீருக்குப் பத்தாண்டு.

இனி வெண்மணி. இது நமக்கு நெருக்கமான மண், ஆகவே நிதானமாகப் பேச வேண்டும். அன்றைய கிழக்குத் தஞ்சையின் பண்ணையாள் வாழ்க்கை என்ன என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சவுக்கடியும் சாணிப்பாலும்தான் ஆண்டைகள் தந்த தண்டனை. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதற்குப் பெயர்தான் சாணிப்பால். மகாத்தில் குளத்தைச் சுத்தமாக்கிய அதே சாணம் தஞ்சையில் மனிதனின் தொண்டையில் இறங்கியது. கொங்கணமும் காவிரிப் படுகையும் எவ்வளவு தூரம்! யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? சமூகவியல் படித்த காலத்திலிருந்து நம்மைத் தொந்தரவு செய்யும் கேள்வி இது. சாதிக்குப் பாடத்திட்டம் ஒன்றுதான் போலிருக்கிறது.

பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் 1940களில் இங்கு வந்து சங்கம் கட்டிய பிறகுதான் சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தன. அந்த நன்றியை எந்த மேடையிலும் மறைக்க மாட்டோம். 1960களில் கூலிப் போராட்டம் வலுத்தபோது மிராசுதார்கள் கோபாலகிருஷ்ண நாயுடுவின் தலைமையில் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். டிசம்பர் 25 இரவு அடியாட்களோடு சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயல்வெளியில் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர்.

கீழமை நீதிமன்றம் நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பின்னர் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. உயர் நீதிமன்றம் சொன்ன காரணத்தைத் தமிழில் எழுதவும் படிக்கவும் தெரிந்த ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் மிராசுதார்கள், பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர்; இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அதன் சாரம்.

இதை நீதிபதிகளின் தனிப்பட்ட ஏழ்மை வெறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. நடப்பதும் சுமப்பதும் கொளுத்துவதும் கீழே இருப்பவனின் வேலை. மேலே இருப்பவன் குற்றம் செய்தாலும் வேலைக்காரன் கையால்தான் செய்வான் என்கிறது இந்தத் தர்க்கம். குற்றவாளி யார் என்பதைச் செயல் தீர்மானிக்கவில்லை, நிலை தீர்மானிக்கிறது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் இதைத்தானே செய்கிறது? ஒரே வசவுக்கு வருணத்துக்கு வருணம் வேறு தண்டனை. பத்தாம் அத்தியாயம் சண்டாளனை ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்கிறது. சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்கிறது. வெளியே தள்ளிய சேரியும், மறுக்கப்பட்ட அரைப்படியும், கார் வைத்திருப்பவர் நடக்க மாட்டார் என்ற தீர்ப்பும் அந்த நூலின் மூன்று பக்கங்கள். அம்பேத்கர் எரித்தது தாளை. அதன் மனப்பாடம் கலையவில்லை. 41 ஆண்டு கழித்து அதே தேதியில் அதை ஒப்பித்துக் காட்டினார்கள்.

இலக்கியமும் தப்பவில்லை. வெண்மணியை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்த நாவல் ஆண்டையின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறையில் விளக்கம் தேடியது. நீதிமன்றம் காரைப் பார்த்தது, நாவல் கட்டிலைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சேரியை யாரும் பார்க்கவில்லை. அரசு மட்டும் என்ன? கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படிக்குப் பதில் கிடைத்தது. எரிந்த குடிசை ஏன் எப்போதும் சேரியிலேயே இருக்கிறது என்பதற்குச் சட்டம் எதுவும் வரவில்லை.

இப்போது நம் வீட்டுச் சண்டைக்கு வருவோம். ஒவ்வொரு டிசம்பர் 25லும் வெண்மணி நினைவிடத்தில் செங்கொடிகள் கூடுகின்றன, கூலிப் போராட்டத் தியாகிகள் என்று வணங்குகின்றன. அதே நாளில் நீலக்கொடி மேடைகளில் மகாத் நினைவுகூரப்படுகிறது. இங்கே வெண்மணியை முழுமையாகப் பேசுவதில்லை, அங்கே மனுஸ்மிருதியைப் பேசுவதில்லை. அது வர்க்கமா சாதியா என்று கேட்கும் கட்டுரைகள் ஐம்பதாண்டாக வந்துகொண்டிருக்கின்றன. செத்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? அரைப்படி நெல் கேட்டது உண்மை. கேட்டவர்கள் சேரியிலிருந்து கேட்டதும் உண்மை. கூலி கேட்ட வேறு சாதிக்காரர்கள் மீதும் கோபம் இருந்தது, எரித்ததோ சேரியை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மகாத்தில் தகனத்துக்குப் பிறகு அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட உடையையும் நகையையும் விட்டு, மற்றவர்களைப் போல உடுத்தச் சொன்னார். அந்த நாளைப் பெண் விடுதலை நாளாகக் கொண்டாடும் வழக்கமும் உண்டு. வெண்மணியில் குடிசைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் நாற்று நட்ட பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அதன் பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், மிராசுதார்களிடமிருந்து நிலத்தை வாங்கிச் சேரிக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுத வைத்தார். நாம் இலக்கியவாதிகள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த காரியம் அது.

இந்த அரங்கத்திடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வரும் டிசம்பர் 25 இரவு, கவியரங்கம், பட்டிமன்றம் எதுவும் வேண்டாம். மகாத் தீர்மானத்தை ஒருவர் படிக்கட்டும். வெண்மணி மேல்முறையீட்டுத் தீர்ப்பை ஒருவர் படிக்கட்டும். பிறகு நினைவிடத்தில் பொறித்திருக்கும் 44 பெயர்களையும் வயதோடு படிப்போம். குழந்தைகளின் வயதைப் படிக்கும்போது அவசரப்படாமல் படிக்கக்கூடிய ஒருவரை இப்போதே தேர்ந்தெடுத்து வையுங்கள்.