மீண்டவனே மீட்பான்



குடியாலும் நச்சுப்பொடியாலும் வீழ்ந்த இளைஞனை ஊர் இகழ்கிறது, வீடு மறைக்கிறது. இகழ்ச்சியும் மறைப்பும் எவரை மீட்டன?

மராட்டிய மாநிலத்துப் புனே நகரைப் பாருங்கள்! அபினியினின்று எடுக்கப்பெறும் ‘பிரௌன் சுகர்’ என்னும் நச்சுப்பொடி அந்நகர இளைஞரைச் சூறையாடிற்று. எழுத்தாளர் அனில் அவசட்டு அக்கொடுமையைத் தொடர்கட்டுரைகளில் வெளிப்படுத்தினார். அவற்றைப் படித்து நெஞ்சுருகிய மராத்தி எழுத்தாளர் பு. ல. தேசுபாண்டே குடும்பத்தார் ஓர் இலக்கம் உருபா ஈந்தனர். அனிலின் துணைவியாரும் உளநோய் மருத்துவருமாகிய சுனந்தா பொறுப்பேற்க, 1986இல் ‘முக்தாங்கண்’ மீட்பில்லம் தோன்றிற்று. அங்கு நலம்பெற்றோர் சிலர் அங்கேயே தொண்டராயினர். அறிவுரைக்கு மூடிய காது, வீழ்ந்தெழுந்தவனின் பட்டறிவுக்குத் திறந்தது.

கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் வாளா இருக்கலாமோ? ஊருக்கு ஐவர் கூடுங்கள். மீண்டவர் ஒருவரை நடுவில் அமர்த்துங்கள். கிழமைக்கொரு மாலை ஒரு திண்ணை போதும். நெடுநாட் குடியைத் திடுமென நிறுத்துவது உயிர்க்கும் ஊறாகலாம். ஆதலின் மருத்துவர் துணையை முதலில் தேடுங்கள். தாயையும் மனைவியையும் உடனழையுங்கள். மீண்டவன் மறுபடி வழுக்கினால், மறுபடியும் கைகொடுங்கள்.

இன்றே தொடங்குக! வெல்க இளைஞர் நலம்!