மறைபணிக்கு வெளிப்படை அழைப்பு

வணிகர் தம் சரக்கை விளம்பரம் செய்வது இயல்பு. ஆனால் தான் இருப்பதையே மறைத்துவந்த ஓர் அலுவலகம், “எம்மிடம் பணிபுரிய வாருங்கள்” என்று ஊரறிய அழைப்பது புதுமையன்றோ? அப்புதுமை பிரிட்டனில் நிகழ்ந்திருக்கிறது. அதன் காரணத்தை இன்று சிறிது ஆராய்வோம்.

பிரிட்டனின் வெளிநாட்டு உளவு நிறுவனமாகிய எம்.ஐ.6 தோன்றியது 1909-இல். அதன் இருப்பைச் சட்டம் ஒப்புக்கொண்டது 1994-இல். அந்நாளில் ஆள் சேர்த்த முறை மிக எளிது. ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரிந்த மாணவரைத் தனியே அழைத்துப் பேசுவார். தெரிந்தவர் தெரிந்தவரையே கொணர்வர்; ஆதலின் ஒரே வகையினரே உள்ளே நிறைந்தனர். நம்மவர் என்றால் நம்பலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல குடும்பம், நல்ல கல்லூரி என்று நம்பிச் சேர்த்த கிம் ஃபில்பியோ சோவியத் ஒற்றராக இருந்து, 1963-இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். பழக்கம் வேறு, நம்பகம் வேறு என்பது அன்று புலனாயிற்று.

நம் தலைநகருக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. டில்லியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவியாக வாழ்ந்த ஸ்டெல்லா ரிமிங்டன், 1967-இல் அங்கேயே உள்நாட்டுப் பாதுகாப்பு நிறுவனமாகிய எம்.ஐ.5-க்குத் தட்டெழுத்தராகச் சேர்ந்தார். அவரும் விளம்பரம் கண்டு வந்தவரல்லர்; கேட்டு அழைக்கப்பட்டவரே. 1992-இல் அந்நிறுவனத்தின் முதற்பெண் தலைவரானார். இப்படித் தற்செயலாய் வாராத திறமை எத்துணை வெளியே நின்றிருக்கும்!

1997-இல் எம்.ஐ.5 செய்தித்தாளில் விளம்பரம் செய்தது. 2018-இல் எம்.ஐ.6 தொலைக்காட்சிக்கே வந்தது. அப்படத்தில் துப்பாக்கி இல்லை. மீன் காட்சியகத்தில் சுறாவைக் கண்டு அஞ்சிய குழந்தையைத் தேற்றும் ஒரு தாய் இருந்தார். பிறர் உள்ளம் அறிவதே இப்பணி என்பது கருத்து. பெண்களும் சிறுபான்மை இனத்தாரும் முன்வர வேண்டும் என்பது நோக்கம்.

இது வெறும் பெருந்தன்மையா? அன்று. ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல்லும் ஒத்திருந்தால் அதனைத் தெளிக என்கிறார். மூவரும் ஒரே பள்ளியில் பயின்று ஒரே விதமாய் எண்ணுவோராயின், மூன்று சொல்லும் ஒரு சொல்லே அன்றோ? மூவரும் ஒருங்கே தவறினால் நாடே தவறும். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறு மொழியுமாய் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்: அயலிடத்திலிருந்து வந்தவன் கண்ணுக்கு உள்ளூரார் காணாதது தெரியும்.

எனினும் விளம்பரம் வாயிலைத் திறக்கும். வந்தவரை இருத்தி வைப்பது வீட்டின் நடத்தையே. தம்மை ஐயக்கண்ணோடு நோக்கும் அலுவலகம் என்று ஒரு சமூகம் கருதினால், எத்துணை அழகிய படமும் பயன் தாராது. மேலும், வெளியே சென்று தம் குறையைச் சொல்ல இயலாத பணி இது. ஆதலின் உள்ளே நீதி இருத்தல் இருமடங்கு இன்றியமையாதது. தன்பாலின ஈர்ப்புடையோரை 1991 வரை விலக்கி வைத்ததற்காக எம்.ஐ.6 தலைவர் 2021-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். எந்தச் சுவரொட்டியையும் விட அம்மன்னிப்பே வலிய அழைப்பு என்போம். மறைக்க வேண்டியது பணியின் செய்திகளை. பணியாளரை நடத்தும் முறையை அன்று.