வீட்டு முற்றத்தில் மோட்டார் எஞ்சின்

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையிற் சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய தங்கள் செவிகளுக்கு, மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச நாங்கள் எழுந்து நிற்பது வினோதமாகத் தோன்றலாம். செயலாளர் அவர்கள் எங்களுக்குத் தந்த தலைப்பு “வாலிபரும் உழைப்பும்” என்பது. அத்தலைப்பிற் பொதுப்படப் பேசுவது எளிது, கேட்போருக்குத்தான் கடினம். ஆகவே, சென்ற விடுமுறையில் சங்க அங்கத்தவர் நால்வராகிய நாங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றியே பேசுகிறோம். ஒரு பழைய மொரிஸ் மைனர் வண்டியின் எஞ்சினைக் கழற்றி, அதே இனத்து வேறோர் எஞ்சினை ஏற்றினோம். செய்தது கராஜில் அன்று, வீட்டு முற்றத்தில்.

இது விளையாட்டுக்குச் செய்த வேலையன்று. அந்த வீட்டில் ஒரு மூதாட்டியார் வாரத்தில் இருமுறை பெரியாஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டியவர். அவரை ஏற்றிச் செல்ல அந்த வண்டியைத் தவிர வேறு கதியில்லை. எஞ்சினோ கிழண்டு, பெற்றோலுக்குச் சமமாக எண்ணெயையும் குடித்து, ஏற்றத்தில் நின்று புகை கக்கத் தொடங்கிவிட்டது. கராஜிற் கேட்ட கூலி வீட்டாரின் சக்திக்கு மீறியது. வேறு வண்டி வாங்குவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிற்றான் மீண்டும் திறந்தது. திறந்தபின் சொன்ன விலைகளைக் கேட்டுப் பலர் பழைய வண்டியையே துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

பெரியோர்களுக்கு இது புதிதன்று. 1960 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி முடையினால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை அந்த நெருக்கடி ஏதோ ஒரு வகையில் நீடித்தது. அக்காலத்தில் ஒரு பிஸ்ரன் வளையத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தவர்கள் இச்சபையிலும் இருப்பார்கள். ஒஸ்ரினும் மொரிஸும் இத்தீவில் இத்தனை காலம் ஓடியது அவை இரும்பாற் செய்யப்பட்டதனால் மாத்திரம் அல்ல. ஓட்டியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தினால். கியூபா நாட்டையும் பாருங்கள். அமெரிக்கத் தடைக்குப் பின் அங்கே மிஞ்சிய 1950களின் பெரிய அமெரிக்க வண்டிகளுக்குள் பிற்காலத்தில் ரஷ்ய எஞ்சின்கள் குடிபுகுந்தன. வெளியே சிகாகோ, உள்ளே மொஸ்கோ!

மொரிஸ் மைனரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போக மனம் வரவில்லை. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வரைந்த இவ்வண்டி 1948 இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அவர் முதலில் எண்ணியது சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருக்கும் அகலமான எஞ்சினை. அந்த எஞ்சின் கைகூடவில்லை. ஆனால் அதற்கென வரைந்த அகலமான இடம் அப்படியே தங்கிவிட்டது. அதனாற்றான் மைனரின் பொனற்றைத் திறந்தால் எஞ்சினின் இருமருங்கும் கை நுழைக்கத் தாராளமாக இடமுண்டு. இக்காலத்து வண்டியில் விரல் நுழையாது. நிறைவேறாத ஒரு திட்டத்தின் பயனை எழுபது வருடங்களுக்கு அப்பால் கண்டியில் இருந்து அனுபவித்தோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு.

1952 இல் 803 கனசென்றிமீற்றர் எஞ்சினும், 1956 இல் 948 உம், 1962 இல் 1098 உம் இதற்கு வந்தன. எங்கள் வண்டி 1098. இவ்வண்டியின் பாகங்கள் கிடைப்பதில் இலங்கைக்குத் தனிப் பெருமை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் பழுதுபார்க்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இங்கே உதிரிப்பாகத் தொழிற்சாலை அமைத்தார். நம் நாட்டுத் தொழிலாளர் அடித்த தகடுகள் மைனர் பிறந்த நாட்டுக்கே கப்பலேறின. மாற்று எஞ்சினை நாங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தோம். பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத எஞ்சின் இல்லை என்பார்கள். கால் வலி கிடைப்பது மாத்திரம் நிச்சயம்.

இனி வேலைக்கு வருவோம்.

எஞ்சினைக் கழற்றுவதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. பற்றரியை விலக்கி, தண்ணீரும் எண்ணெயும் வடித்து, பொனற்றையும் றேடியேற்றரையும் எடுத்து, வயர்களுக்கெல்லாம் கடதாசித் துண்டில் இலக்கமிட்டுக் கட்டிவிட்டால் அரைவாசி முடிந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: இப்பழைய வண்டிகளிற் பற்றரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும், இக்கால வழக்கத்துக்கு எதிராக. மறதியாக மாற்றி மாட்டினால் டைனமோ சும்மா விடாது.

கடினம் தூக்குவதில் இருக்கிறது. அந்த எஞ்சின் இரண்டு சீமெந்து மூட்டைக்கு மேல் நிறையுள்ளது. கராஜில் இரும்பு வளையில் தொங்கும் கருவி உண்டு. முற்றத்தில் என்ன உண்டு? மாமரக் கிளையிற் கட்டுவோம் என்றார் ஒரு நண்பர். மரக்கிளை எப்போது முறியும் என்பதை மரம் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே கொங்கிறீற் தட்டுப் போடும்போது முட்டுக் கொடுக்கும் தடித்த மரங்களில் மூன்றை ஒரு மேசன் பாஸிடம் இரவல் வாங்கி, உச்சியில் துளையிட்டு, இரும்புப் போல்ற் ஒன்றிற் கோத்து, பெரிய முக்காலி ஒன்று செய்தோம்.

இவ்விடத்திற் பாடசாலையிற் படித்த கணிதம் எங்களுக்குக் கைகொடுத்தது. மிஷன் பாடசாலையில் கரும்பலகையில் விசை முக்கோணம் வரைந்தபோது அதனால் யாருக்கு என்ன பயன் என்று நாங்கள் எண்ணியதுண்டு. எஞ்சினின் நிறை 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியின் கால்கள் நிமிர்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து நின்றால், ஒவ்வொரு காலின் அடியையும் வெளியே தள்ளும் விசை சுமார் 23 கிலோ. அதே கால்களை 60 பாகைக்கு அகட்டி வைத்தால் அது 69 கிலோ; சரியாக மும்மடங்கு. அகட்டி வைத்தால் உறுதி என்று கண் சொல்கிறது. கணக்கோ வேறு சொல்கிறது. ஆதலால் கால்களை ஒடுக்கி நிறுத்தி, மூன்று அடிகளையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்தோம். மழைக்கு ஊறிய மண்ணிற் புதையாதிருக்க அடியிற் பலகையும் இட்டோம்.

எங்கள் கருத்தில் இவ்வேலையின் சாரம் இதுதான்: எதை நாமே சமைத்துக்கொள்ளலாம், எதைச் சமைக்கலாகாது என்று பகுத்தறிவது. முக்காலியைச் சமைக்கலாம். கிளச் தட்டை நடுவில் நிறுத்தும் ஆணியைச் சமைக்கலாம். கொய்யாத் தடியைச் சீவி நாங்கள் செய்தது கடையில் விற்பதைப் போலவே பொருந்தியது. பம்பரம் செய்து பழகிய கை! ஆனால் பாரம் தொங்கும் இடத்திற் சமையல் கூடாது. தும்புக் கயிறும் கப்பியும் போதாதா என்று கேட்டார்கள். கயிற்றைப் பிடித்த கை வழுக்கினால் எஞ்சின் கீழே வரும். செயின் புளொக் எனப்படும் சங்கிலிக் கப்பியோ கையை விட்டாலும் பாரத்தை நின்ற இடத்தில் நிறுத்தும். அதைப் பேராதனையில் ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். கொழுக்கியும் சங்கிலியும் அளவறிந்து வாங்கினோம். அவ்வாறே ஜக் ஒன்றை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கலாகாது. கீழே மரக்கட்டைகள் அடுக்கியிருக்க வேண்டும். எஞ்சின் தொங்கும்போது அதன் கீழ் விரலும் போகக்கூடாது.

முக்காலி தாங்குமா என்பதை எஞ்சினைத் தூக்கித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. வெறும் இரும்புப் பீப்பாய் ஒன்றை அதில் ஒரு சாண் உயரத்திற் கட்டித் தொங்கவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தோம். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 150 லீற்றர் வார்த்து, மத்தியானச் சாப்பாடு முடியும்வரை அப்படியே விட்டோம். முக்காலி முனகவுமில்லை.

அயலில் ஒரு சிங்களப் பெரியவர் இருக்கிறார். லொறி கராஜில் நாற்பது வருடம் வேலை செய்த பாஸ். அவர் வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், பீப்பாய் தொங்குவதைக் கண்டதும் வேலியைச் சுற்றி உள்ளே வந்தார். முக்காலியின் காலடிச் சங்கிலியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். “சரி தம்பிமாரே, தூக்குங்கள்” என்றார். அந்த மூன்று சொற்களால் எங்களுக்கு வந்த தைரியம் எந்தச் சான்றிதழாலும் வந்ததில்லை.

கண்டியில் இவ்வேலைக்குள்ள தனித் தொல்லை, சமநிலம் இல்லாமை. முக்காலியை நகர்த்த முடியாது. எஞ்சினை மேலே தூக்கியபின் வண்டியைத்தான் பின்னே தள்ள வேண்டும். அதற்காக கியர்பொக்ஸை ஜக்கில் நிறுத்தாமல், குறுக்கே வைத்த மரச் சட்டத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டோம். வீட்டின் முன் போர்ட்டிக்கோ ஒன்றே சமமான இடம்; அதற்கு அப்பால் சரிவு, அதற்கும் அப்பால் அடுத்த வீட்டுக் கூரை! மாத்தளை முத்துமாரியம்மன் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் கையிற்றான் தேர் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்தோம். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னே போகக் கட்டை அதைத் தொடர்ந்து சென்றது. அவர் இயந்திரவியல் மாணவரல்லர், தமிழ்ச் சிறப்புக்கலை மாணவர் என்பதை இங்கே சொல்லவேண்டும்.

இரண்டாம் நாள் மாலை இடிமழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாட்காலையில் புதிய எஞ்சினை இறக்கினோம். தூக்குவதிலும் இறக்குவது நுட்பமானது. கியர்பொக்ஸின் தண்டு கிளச்சின் பற்களுக்குள் நுழைய மறுத்து, இரண்டு அங்குல இடைவெளி அப்படியே நின்றது. போல்ற்றைப் போட்டு இழுத்து நெருக்கலாமே என்ற எண்ணம் அவ்வேளையில் யாருக்கும் தோன்றும். “இழுத்தால் கிளச் தட்டு வளையும், கியரிற் போட்டுவிட்டு எஞ்சினை மெல்லத் திருப்புங்கள்” என்றார் பாஸ். மைனருக்கு முன்னாலிருந்து கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டல்லவா? ஒருவர் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மற்றவர் எஞ்சினை ஆட்ட, சடக்கென்று தானாகவே உள்ளே போயிற்று.

அதன்பின் விரைவாகச் சொல்லிவிடலாம். எண்ணெய் வார்த்து, பிளக்குகளைக் கழற்றி வைத்துச் சிறிது நேரம் கையாற் சுற்றி எண்ணெயை மேலேற்றிய பிறகே முடுக்கினோம். மறுவாரம் கடுகண்ணாவை ஏற்றத்தில், டோசன் கோபுரத்தைக் கடந்து, புகையில்லாமல் ஏறியது. அதற்கு மறுநாள் பாட்டியார் ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியிற் போனார். “சத்தம் குறைஞ்சு போச்சு, எனக்கு நித்திரை வருகுது” என்பதே அவருடைய விமர்சனம்.

பலர் மறந்துவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. எஞ்சின் மாறினால் அதன் இலக்கமும் மாறும்; மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்தாவிட்டால் பின்னால் விற்கும்போதும் விபத்தின்போதும் வில்லங்கம். மற்றது, வடித்த பழைய எண்ணெய். வசதியாகக் கானுக்குள் ஊற்றிவிடுகிறார்கள். இந்நகரின் கழிவுநீர் மெத எல வழியாக மகாவலியிற் சேர்கிறது. மகாவலி எத்தனை ஊருக்குக் குடிநீர் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் அதைத் தகரத்தில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்ப்பவரிடம் கொடுத்தோம்.

பெரியோர்களே, ஒரு விஷயத்தில் தங்களோடு சற்று முரண்பட அனுமதி வேண்டுகிறோம். அந்த மூன்று நாளும் வீதியாற் போன நம்மவர் சிலர் நின்று, “படிக்கிற பிள்ளைகள், உங்களுக்கேன் இந்தக் கராஜ் வேலை?” என்று கேட்டார்கள். அன்பினாற் கேட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டத்திலும் கடையிலும் கைநோக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் கையில் மீண்டும் கறுப்பு எண்ணெயைக் காணச் சகிக்காது, அது நியாயமே. ஆயினும் அந்தப் பாஸின் நாற்பது வருட அறிவை எவரும் புத்தகமாக எழுதிவைக்கவில்லை. அவருக்கு வயது எழுபத்தாறு. அவர் பின்னாற் கற்றுக்கொள்ள இப்போது ஒரு பையனும் இல்லை. நம் வகுப்பறையில் இருப்பவன் அவர் முற்றத்துக்குப் போகாவிட்டால் அது அவரோடு போய்விடும். அவன் விசை முக்கோணத்தையும் கொண்டு போனால் இருவருக்கும் லாபம்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் இது. இவ்வருடக் கலைவிழாவில் மிஞ்சிய பணத்திலிருந்து ஒரு தொன் செயின் புளொக் ஒன்றும், வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் நான்கும் வாங்கிச் சங்க மண்டபத்தில் வைக்கவேண்டும். நூலகத்திற் புத்தகம் இரவல் கொடுப்பதுபோல் அங்கத்தவருக்கு இரவல் கொடுக்கலாம். வீட்டில் ஜக்கை மாத்திரம் நம்பி வண்டிக்கடியிற் படுப்போர் தொகையாவது குறையும். பாஸ் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து கற்பிக்கச் சம்மதித்திருக்கிறார். கூலி வேண்டாம், தேநீர் போதும் என்கிறார். கூலியும் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். பொருளாளர் அவர்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. விலைவிபரம் எழுதிய தாளை அவருடைய மேசையில் வைத்திருக்கிறோம். அதன் மறுபக்கத்தில் கற்க விரும்புவோர் பெயரெழுத இடமும் விட்டிருக்கிறோம். சகோதரிகளும் எழுதலாம். இதுவரை பதினொரு பெயர் உண்டு.