கொடுக்கும் முன் துடைப்போம்: பழைய கம்ப்யூட்டரும் நம் அமானிதமும்





நம் அறக்கட்டளை பழைய கம்ப்யூட்டர்களையும் லேப்டாப்களையும் வாங்கி, சரிபார்த்து, படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். கொடுக்க வருகிறவர்களில் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பாய், உள்ளே இருந்ததையெல்லாம் டெலீட் பண்ணிட்டோம். அப்படியே கொடுத்திடலாமா?" இதற்கு விவரமாகப் பதில் சொல்லவே இன்று பேசுகிறோம். டெலீட் செய்தது மட்டும் போதாது. அதற்குப் பயந்து பொருளைப் பரணிலேயே போட்டுவைக்கவும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆதார், பான், ரேஷன் கார்டு ஸ்கேன். வளைகுடாவில் வேலை பார்த்த அத்தாவின் பாஸ்போர்ட் நகல், விசா தாள். வங்கிக் கணக்கு அறிக்கை. பெண் பார்ப்பதற்காக அனுப்பிய பயோடேட்டாவும் போட்டோவும். நிக்காஹ் வீட்டு வீடியோ. வீட்டுப் பெண்கள் பர்தா இல்லாமல் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படங்கள். இவை எதுவும் அந்நியர் பார்ப்பதற்காகச் சேமிக்கப்பட்டவை அல்ல. கம்ப்யூட்டர் கைமாறும்போது இவையும் கைமாறுகின்றன.

"அதைத்தான் அழித்துவிட்டோமே" என்று கேட்பீர்கள். ஒரு பைலை டெலீட் செய்தால் ஹார்டு டிஸ்க் அந்தப் பைலைத் துடைப்பதில்லை. எந்தப் பைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டவணையில், "இந்த இடம் காலி, இனி வேறு எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரு குறிப்பை மட்டும் போடுகிறது. மஹல்லா பதிவேட்டில் ஒரு வீட்டின் எண்ணை அடித்துவிட்டால் அந்த வீடு இடிந்துபோகுமா? வீடு அங்கேயேதான் நிற்கும். தேடிப் போகிறவன் கண்டுபிடித்துவிடுவான். குவிக் பார்மட் செய்தாலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். புதிதாக வேறு ஏதாவது அதே இடத்தின்மேல் எழுதப்படும் வரை பழைய படம் அப்படியே இருக்கும். அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாலை நேரத்தில் செய்து முடித்துவிடக்கூடிய வேலை அது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்பிங்கெல், அபி ஷெலாட் என்ற இருவர் 2000 நவம்பரிலிருந்து 2002 ஆகஸ்ட் வரை, பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158ஐக் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து கடன் அட்டை எண்கள் 5,000க்கு மேல் கிடைத்தன. மருத்துவக் குறிப்புகளும் சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏடிஎம் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது. விற்றவர்களில் பலர் டெலீட்டோ பார்மட்டோ செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நம்பியவர்கள்தாம்.

இன்னொரு சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. பிரைட்டன் நகரின் அரசு மருத்துவமனை நிர்வாகம், பழைய ஹார்டு டிஸ்க்குகளை அழித்துவிடச் சொல்லி வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்தது. அவற்றில் சில 2010இல் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றவர்களின் விவரங்கள்கூட அவற்றில் இருந்தன. 2012இல் அந்த நிர்வாகத்துக்கு 3,25,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. பணத்தைக் கட்டிவிடலாம். நோயாளியின் ரகசியம் வெளியே போனால் போனதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம்மைப் போன்ற அறக்கட்டளைகளின் கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படிப்பட்ட ரகசியங்கள்தாம் இருக்கின்றன. யார் ஜகாத் வாங்கினார், எந்த வீட்டில் கணவர் இல்லை, எந்தப் பெண்ணின் திருமணத்துக்கு எவ்வளவு உதவி போனது, யாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியவில்லை. இந்த மனுக்களை எழுதிக் கொடுத்தவர்கள் கண்ணீரோடு எழுதியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லாததை நம்மிடம் சொல்லியிருப்பார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பட்டியலை டிஸ்க்கோடு சேர்த்துக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் அந்தத் தர்மத்துக்கு என்ன அர்த்தம்? பள்ளிவாசல் அலுவலகம், மதரஸா, மஹல்லா ஜமாஅத், வட்டியில்லாக் கடன் திட்டம் நடத்துகிறவர்கள், கிளினிக், ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பிறருடைய தாள்கள் நம்மிடம் அமானிதம். இந்திய அரசு 2023இல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வாங்கிய நோக்கம் முடிந்த பிறகு தகவலை வைத்திருக்கக் கூடாது, அழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு கம்ப்யூட்டர் பாகங்களும் தரையில் பரப்பிக் கிடக்கும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கேட்டால் கிடைக்கும். விற்பவர் மீது குற்றமில்லை. அவர் பொருளை விற்கிறார். உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டியது கொடுத்தவரின் பொறுப்பு.

இனி, எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் வந்தால் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறோம்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்றே உள்ள ஒரு சோதனைக் கருவியில் பொருத்துகிறோம். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி அது. மேலே டிஸ்க் செருகும் இடம், முன்னால் சின்னத் திரை, சில பொத்தான்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே அது வேலை செய்யும். டிஸ்க்கைச் சோதிப்பது, துடைப்பது என்று இரண்டு வேலைகள். சோதனையைத்தான் முதலில் செய்கிறோம்.

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் சில எண்களைப் பார்க்கிறோம். 5ஆம் எண், கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் எத்தனை மாற்று இடங்களை எடுத்துக்கொண்டது என்று சொல்லும். 197ஆம் எண், படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள் எத்தனை என்று சொல்லும். இந்த இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் ஆயுள் முடிகிறது என்று பொருள். 199ஆம் எண் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. கேபிளை மாற்றினால் டிஸ்க் பிழைத்துக்கொள்ளும். 9ஆம் எண், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. தினமும் 8 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் 2,400 மணி. 24,000 மணி ஓடிய டிஸ்க் பத்து வருட உழைப்பாளி. பிறகு முதலிலிருந்து கடைசி வரை முழு டிஸ்க்கையும் கருவி படித்துப் பார்க்கும்.

தர்மமாகக் கொடுப்பதற்கு இவ்வளவு பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குகிற பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். கடைசி வருட புராஜெக்டை அதில் எழுதி வைத்திருப்பாள். சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு டிஸ்க் நின்றுபோனால் அவளிடம் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லை. வேண்டாத பொருளைத் தள்ளிவிடுவதை நாம் தர்மம் என்று சொல்லக் கூடாது. தேறாத டிஸ்க்கை எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

சோதனையில் தேறிய டிஸ்க்கைத் துடைக்கிறோம். துடைப்பது என்றால் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை எல்லாவற்றின் மேலும் பூஜ்யத்தை எழுதுவது. வினாடிக்கு 100 எம்பி எழுதும் 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். 35 தடவை எழுத வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. 1996இல் பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக எழுதிச் சரிபார்த்தால் சாதாரணமாகப் போதும். எழுதி முடித்ததும் கருவியே திரும்பப் படித்து, பூஜ்யம் தவிர வேறு இல்லை என்று உறுதி செய்கிறது.

இதில் ஒரு கவனம் மிக முக்கியம். துடைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் டிஸ்க்கில் எண் ஒட்டி, கொடுத்தவரிடம் "தேவையான போட்டோ, தாள்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே பொத்தானை அழுத்துகிறோம். இறந்துபோன தாயாரின் குரல் பதிவு அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கலாம். கேட்காமல் துடைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

புதிய லேப்டாப்களில் எஸ்எஸ்டி வகை டிஸ்க் இருக்கும். அதன் மேல் பூஜ்யம் எழுதினால் முழுதாகத் துடைபடும் என்று சொல்ல முடியாது. சிப்கள் சீக்கிரம் தேயாமல் இருக்க, எழுதும் இடத்தை அது உள்ளுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் போடும். பழைய பிரதி ஒன்று எங்காவது ஒளிந்திருக்கலாம். எஸ்எஸ்டி தன்னைத்தானே துடைத்துக்கொள்ள அதற்குள்ளேயே செக்யூர் இரேஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதைத்தான் கொடுக்க வேண்டும்.

சோதனையில் தேறாத டிஸ்க்கை என்ன செய்வது? அதில் எழுதவே முடியாத இடங்களில் பழைய விவரம் மிஞ்சி நிற்கும். எனவே அதை உடைக்கத்தான் வேண்டும். உள்ளே சுழலும் தட்டைத் துளைத்துவிட்டால் சாதாரண ஆட்களால் படிக்க முடியாது. லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் அந்தத் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் யாரும் சுத்தியலை எடுக்காதீர்கள். எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு சிப்பும் உடைய வேண்டும். தீயில் போடவே கூடாது, அந்தப் புகை நச்சு. உடைத்த பிறகு அது மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிச் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. நனைந்த டிஸ்க் செத்துப்போனது, உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள். ஓடாத டிஸ்க்கிலிருந்தும் ஆய்வுக்கூடத்தில் விவரம் எடுக்க முடியும். படங்கள் வேண்டுமென்றால் மின்சாரம் கொடுக்காமல் அதற்கான நிபுணரிடம் கொண்டுபோங்கள். வேண்டாமென்றால் உடைத்த பிறகே வெளியே அனுப்புங்கள்.

கருவி இல்லாமல் வீட்டிலேயே செய்ய விரும்பினால் அதற்கும் வழி உண்டு. விண்டோஸ் 10, 11இல் ரீசெட் திஸ் பிசி என்ற இடத்துக்குப் போய், ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தேர்ந்து, சேஞ்ச் செட்டிங்ஸ் பகுதியில் கிளீன் டேட்டா என்பதையும் போட்டுவிடுங்கள். பலர் அந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். செய்வதற்கு முன் ஈமெயில் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அன்று பிளஸ் டூ படித்த பிள்ளைகள் இன்று பெற்றோர்களாக இருக்கிறார்கள். அந்த லேப்டாப்கள் நம் வீடுகளில் பலவற்றில் இன்னும் பரணில் தூங்குகின்றன. எடுத்துத் தூசி தட்டுங்கள். சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் தாராளமாகப் பாருங்கள். பெண்கள் தங்கள் டிஸ்க்கைப் பெண்கள் முன்னிலையிலேயே துடைக்க வேண்டும் என்று கேட்டால் அதற்கும் ஏற்பாடு செய்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் திறந்து பார்ப்பதில்லை. கருவிக்கு அது தேவையும் இல்லை.

டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். அதற்கு வேறு டிஸ்க் நாங்கள் தேடிப் போடுகிறோம்.

இந்தப் பகுதியில் ஜமாஅத், மதரஸா நிர்வாகத்தில் இருக்கும் பெரியோர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் எத்தனை இருக்கிறது, அதில் யாருடைய விவரம் இருக்கிறது என்று இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றும் நாள் வரும்போது யார் பொறுப்பில் துடைப்பது என்று இப்போதே ஒருவரை நியமித்துவிடுங்கள். கருவி எங்களிடம் இருக்கிறது, கூலி எதுவும் இல்லை.