சிவப்புப் பொட்டு எரிந்தால் போதுமா?

(டயகம தோட்டத்தில், முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, குளிரையும் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம். இன்று பேசப்போவது ஒரு சின்னச் சாமானைப் பற்றி. இதோ, கையில் இருக்கும் இந்தச் சுவிட்ச். போட்டால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் எரியும். ஆட்டோ ஓட்டும் தம்பிமார் ஹெட்லைட்டுக்கும் கூடுதல் லைட்டுக்கும் இதைத்தான் ஆசையாக வாங்கிப் பூட்டுகிறார்கள்.

"இது ஆம்பிளைப் பிள்ளைங்க வேலை, எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்று ஒரு அக்கா வாசலில் கேட்டார். நியாயமான கேள்வி. இராத்திரியில் நோவு எடுத்தால் அந்த ஆட்டோவின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு போவது நீங்கள்தானே அக்கா? அதனால்தான் கூப்பிட்டோம்.

நாங்கள் கண்ணால் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மழைக்கால இரவில், சுகமில்லாத ஒரு பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு டயகமவிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் ஆட்டோவில் இறங்கிக்கொண்டிருந்தோம். நம் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். மேலே ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து மூடுபனி இறங்கினால் முன்னே போகும் ஆளே தெரியாது. அப்படி ஒரு வளைவில் முன்லைட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. ஓட்டிய தம்பி கெட்டிக்காரர், உடனே பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, அந்தச் செவப்பு லைட்டு எரியுதே, பெரிய லைட்டு ஏன் எரியல?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைய பேச்சு முழுவதும். அன்றைக்கு எங்களில் ஒருவர் டோர்ச் லைட்டோடு முன்னால் நடக்க, ஆட்டோ பின்னால் ஊர்ந்து வந்தது. பெரியம்மா பிழைத்துக்கொண்டார். நோவு கடுமையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் பிரித்துப் பார்த்தோம். தம்பி, வண்டியோடு வந்த ஹெட்லைட்டையும் புதிதாக வாங்கிய இரண்டு லைட்டையும் ஒரே சுவிட்சில் கொடுத்திருந்தார். வயர் மெல்லியது. மூட்டுகளைக் கையால் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார். பியூஸ் கிடையாது. சுவிட்சைத் தாண்டியிருந்த ஒரு மூட்டு சூடாகிக் கருகி விட்டுப்போயிருந்தது. சுவிட்ச் வரை மின்சாரம் வந்தது, அதனால் சிவப்பு எரிந்தது. அதற்கு அப்பால் போகவில்லை, அதனால் லைட் அணைந்தது. பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான். சிவப்புப் பொட்டு சுவிட்சுக்கு மட்டும்தான் சாட்சி. முன்னால் இருக்கும் லைட்டுக்கு அது சாட்சி சொல்லாது.

கணக்கையும் பார்ப்போம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கூடவே போட்டுப் பாருங்கள். 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட். பற்றறி 12 வோல்ட். 110 ஐ 12 ஆல் வகுத்தால் ஒன்பது அம்பியருக்கு மேல் வரும். அதோடு வண்டியின் சொந்த ஹெட்லைட்டும் சேர்கிறது. ஒரு மெல்லிய வயரும் விரல் நுனியளவு சுவிட்சும் இதை எப்படித் தாங்கும்? ஒற்றையடிப் பாதையில் லொறியை விட்ட மாதிரிதான். இதே வேலைக்கு 20 வாட் எல்.ஈ.டி. லைட் இரண்டு போட்டால் மூன்றரை அம்பியருக்குள் முடிந்துவிடும். ஆட்டோவின் பற்றறி சின்னது. அதற்கும் இதுதான் நல்லது.

இனி சுவிட்சின் கால்களைப் பார்ப்போம். இந்தச் சாதிச் சுவிட்சுக்குப் பெரும்பாலும் மூன்று கால் இருக்கும். ஒன்று மின்சாரம் உள்ளே வருவதற்கு. இரண்டாவது லைட்டுக்குப் போவதற்கு. மூன்றாவது ஏர்த். உள்ளே இருக்கும் சிவப்பு பல்ப், லைட்டுக்குப் போகும் காலுக்கும் ஏர்த் காலுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் சுவிட்சைப் போட்ட பிறகு மட்டும் எரிகிறது.

ஏர்த் காலைக் கொடுக்காமல் விட்டால் லைட் எரியும், சிவப்பு எரியாது. அது பெரிய மோசமில்லை. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மாற்றிக் கொடுத்தால், சுவிட்சை நிறுத்தினாலும் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும், பற்றறி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். லைட்டுக்குப் போகும் காலில் ஏர்த்தைக் கொடுத்தீர்களோ, சுவிட்சைப் போட்ட நிமிடம் பற்றறி நேரே ஏர்த்தோடு சேரும். பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் வயர் பற்றிக்கொள்ளும். பல சுவிட்சுகளில் ஏர்த் கால் மட்டும் பித்தளை நிறமாக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். மீற்றரையோ டெஸ்டர் பல்பையோ வைத்துப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

தம்பிமாரே, முக்கியமாக ஒன்று சொல்கிறோம். வண்டியோடு வந்த ஹெட்லைட் வயரிங்கைத் தொடாதீர்கள். புதிய லைட்டுக்குப் புதிய வழி போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும், வீடு வந்து சேரலாம்.

புதிய வழி என்றால் எப்படி? பற்றறியிலிருந்து ஒரு தடித்த வயர், 2.5 சதுர மில்லிமீற்றர் போதும். பற்றறிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 15 அம்பியர் பியூஸ். அங்கிருந்து ரிலேக்கு. ரிலேயின் கால்களில் இலக்கம் போட்டிருக்கும். 30 க்குப் பற்றறி வயர், 87 இலிருந்து லைட்டுக்கு, 86 க்குச் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர், 85 க்கு ஏர்த். சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயரிலிருந்து, 3 அம்பியர் பியூஸ் வழியாக எடுங்கள். இப்போது பெரிய சுமை ரிலேயில் போகும். சுவிட்சில் போவது ஒரு அம்பியரில் கால் பங்குகூட வராது. கங்காணி குரல் கொடுப்பார், கூடையைத் தூக்குவது வேறு ஆள். அது மாதிரிதான் சுவிட்சும் ரிலேயும்.

நம் ஊரில் மழையும் பனியும் விடாது. ரிலேயைக் கால் கீழ்ப்பக்கம் பார்க்கப் பூட்டுங்கள், தண்ணீர் தங்காது. வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கித் தகரம் வயரை அறுத்துவிடும். ஏர்த் பூட்டும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். லைட்டைத் தாழ்வாகவே பூட்டுங்கள். மூடுபனியில் வெளிச்சத்தை உயர்த்தினால் அது பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வருகிறவரும் நம்மைப் போல ஒரு குடும்பக்காரர்தான், அவர் கண்ணையும் கூச வைக்காதீர்கள்.

வெளியூரில் வேலை தேடும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியா கோல்ப் மைதானம் 1889 இல் தொடங்கியது, உங்களுக்குத் தெரிந்த இடம்தான். உலகத்தில் பல கோல்ப் மைதானங்களிலும் ஹோட்டல்களிலும் பற்றறியில் ஓடும் சின்ன வண்டிகள் உண்டு. இப்போது மின்சார ஆட்டோக்களும் வந்துவிட்டன. அந்த வண்டிகளில் இதே சுவிட்சைப் பூட்டச் சொன்னால், ஆட்டோவில் செய்தது மாதிரி செய்துவிடாதீர்கள். கோல்ப் வண்டியில் பல பற்றறிகளைச் சங்கிலி மாதிரி கோத்து 36 அல்லது 48 வோல்ட் எடுப்பார்கள். 12 வோல்ட் பல்பை அதில் நேரே கொடுத்தால் உடனே எரிந்து போகும். சிலர் சங்கிலியில் 12 வோல்ட்டுக்குத் தேவையான ஒன்றிரண்டு பற்றறியிலிருந்து மட்டும் எடுப்பார்கள். அந்தப் பற்றறிகள் முதலில் களைத்துப்போகும், சார்ஜ் ஏற்றும்போது மற்றவை அளவுக்கு மீறிக் குடிக்கும், கடைசியில் முழுச் செட்டும் கெடும். முழுச் செட்டிலிருந்தும் எடுத்து 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வேட்டர் ஒன்றைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் பியூஸ், சுவிட்ச், லைட். இன்னொன்று, அந்த வண்டிகளின் சட்டத்தை ஏர்த்தாக நம்பக் கூடாது. திரும்பி வருவதற்கும் தனி வயர் இழுக்க வேண்டும். இதைத் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் கைத்தொழில் உண்டு.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. சிவப்பு வெளிச்சமுள்ள சுவிட்ச் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. இருட்டில் கைக்குத் தட்டுப்படும், லைட்டை நிறுத்த மறந்தால் ஞாபகப்படுத்தும். அந்த அளவில் அது நல்ல வேலைக்காரன். ஆனால் இராப்பயணம் கிளம்புமுன் உங்கள் மகனிடமோ தம்பியிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள். "பியூஸ் போட்டிருக்கியா? பழைய லைட்டுக்கு வேற வயரா?" பிறகு அவரை இறங்கச் சொல்லுங்கள். லயத்துச் சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒரு பியூஸுக்குப் பெரிய செலவில்லை. அதை மிச்சம் பிடிக்கப் போய், வளைவில் உயிரைக் கொடுக்க வேண்டாம்.

 ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமார் வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே நாங்கள் புறப்படுவோம்.