சம்பா சர்வர்: மூலநிரலா, பேக்கேஜா?

(செண்பகத்தோப்பில் கூடிய ஆசிரியர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வண்டியை விட்டு இறங்கியதும் நம்மில் பலர் செல்போனைத் தூக்கிப் பிடித்து டவர் தேடியதைப் பார்த்தேன். இங்குள்ள சாம்பல் நிற அணில்களுக்கு அந்தக் கவலை இல்லை! ஆனால் ஓர் அறையிலுள்ள பத்துக் கணினிகளில் ஒரே பாட வீடியோவைக் காட்ட இணையம் கட்டாயமில்லை. ஒரு கணினியில் கோப்புகளை வைத்துவிட்டு, ஒரு சுவிட்ச், சில கேபிள்கள் மூலம் மற்ற கணினிகளில் திறந்துகொள்ளலாம். அதற்கு உதவும் இலவச மென்பொருள் சம்பா.

பெயரைக் கேட்டதும் சம்பா நெல் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். லினக்ஸ் போன்ற பிற இயங்குதளங்களும் அந்த முறையில் பேசுவதற்காக ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது இது. 1992 முதல் வழக்கில் உள்ளது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பெயர் வைத்தார். நம் மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததை அறிவீர்கள். ஆக, இரண்டும் கலந்து புழங்கும் இடம் நமக்குப் புதிதல்ல.

இதை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. ‘ஆப்ட் இன்ஸ்டால் சம்பா’ என்று தட்டி, தயாராக இருக்கும் பேக்கேஜைப் போடலாம். அல்லது மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று நாமே கம்பைல் செய்யலாம். கடையில் பால்கோவா வாங்குவதற்கும், பாலும் சீனியும் வாங்கி அடுப்படியில் நின்று கிண்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

“எங்கள் பள்ளியில் நெட் கிடையாது. மூலநிரல் என்றால் ஒரே கோப்பு, பென்டிரைவில் கொண்டுபோய்விடலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் கம்பைலர் வேண்டும், பைத்தான் வேண்டும், ஜிஎன்யூ டிஎல்எஸ் முதலிய நூலகங்களின் டெவலப்மெண்ட் பேக்கேஜ்கள் வேண்டும். அவற்றுக்கும் இணையம் தேவை. அதைவிட, பள்ளிக் கணினியில் உள்ள அதே இயங்குதளம், அதே பதிப்பு, சம்பா இல்லாத இன்னொரு கணினியை நெட் உள்ள இடத்தில் பிடியுங்கள். ‘டவுன்லோட் ஒன்லி’ என்ற தெரிவோடு ஆப்ட் கட்டளை கொடுத்தால், சம்பாவும் அது சார்ந்த பேக்கேஜ்களும் சேர்ந்தே இறங்கும். பென்டிரைவில் அவற்றை அள்ளி வந்துவிடலாம்.

நிறுவும் நாளோடு வேலை முடிந்தால் எந்த வழியும் சரிதான். 2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வானாகிரை உலகை உலுக்கிய அதே மாதத்தில் சம்பாவிலும் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. எழுத அனுமதியுள்ள கோப்புறையில் ஒருவர் தன் நிரலைப் போட்டு, சர்வரையே அதை இயக்கவைக்கலாம். 3.5.0 பதிப்பு முதல் இருந்துவந்த ஓட்டை அது. பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்கு ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் என்ற இரண்டு கட்டளைகள் போதுமாயின. கம்பைல் செய்தவர்களோ செய்தியைத் தாங்களே அறிந்து, திருத்தத்தைத் தேடி எடுத்து, மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கணினியைப் பற்றி ஆப்டுக்கு எதுவும் தெரியாது, அது நினைவூட்டாது.

“பேக்கேஜில் பழைய பதிப்புதானே வருகிறது?” என்பார்கள். எண் பழையதாக இருக்கும், உள்ளே பழையதல்ல. அந்த 2017 ஓட்டையை டெபியன் 8-ல் அடைத்தபோது 4.2.14 என்ற எண்ணை மாற்றவே இல்லை. திருத்தத்தை மட்டும் பின்னிணைத்தார்கள். ஆனால் இயங்குதளத்தின் ஆதரவுக் காலமே முடிந்திருந்தால் பேக்கேஜும் கைகொடுக்காது. முதலில் அதைப் பாருங்கள்.

நமக்கு இன்னொன்றும் உண்டு: மாறுதல் கலந்தாய்வு. கம்பைல் செய்தவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். பேக்கேஜில் அமைப்புக் கோப்பு ‘ஈடிசி’க்குள் ‘சம்பா’ கோப்புறையில் இருக்கும். மூலநிரலில் வழக்கமாக ‘யூஎஸ்ஆர் லோக்கல் சம்பா’வுக்குள் போய்விடும். அடுத்து வருபவர் விவரம் தெரியாமல் பேக்கேஜையும் போட்டால் இரண்டு சர்வர்களும் 445-ஆம் போர்ட்டுக்குச் சண்டையிடும். மதிப்பெண் பட்டியலும் பிள்ளைகளின் விவரங்களும் உள்ள கணினியை இப்படிப் புதிராக விட்டுச் செல்வது எனக்கு உடன்பாடில்லை.

மூலநிரலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேக்கேஜில் இல்லாத ஒரு வசதி தேவைப்பட்டாலோ, நிரலைத் திருத்தவேண்டியிருந்தாலோ அதுதான் வழி. மேல்நிலை வகுப்புக் கணினி மாணவர்களுக்கு ஒரு பழைய கணினியில் கம்பைல் செய்து காட்டுங்கள். பிழைச்செய்திகளிலிருந்து நிறையக் கற்பார்கள். அந்தக் கணினியைப் பள்ளி வலையில் மட்டும் இணைக்காதீர்கள்.

மதியம் இங்கே இரண்டு கணினிகளில் பேக்கேஜ் போட்டுப் பார்க்கப்போகிறோம். பாடக் கோப்புறையைப் படிக்க மட்டும் திறப்போம்; மதிப்பெண் கோப்புறைக்கு ஆசிரியர்களுக்குத் தனித்தனிக் கடவுச்சொல். அமைப்புக் கோப்பை மாற்றியதும் ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையால் சரிபார்த்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்குவோம். மாதம் ஒருமுறை அந்தக் கணினிக்கு யார் நெட் இணைப்புக் கொடுத்து அப்டேட் செய்வது என்பதை உங்கள் பள்ளியில் பேசி முடிவெடுத்து, பெயரைக் கணினி மேலேயே ஒட்டிவையுங்கள்.